ஏழு மரங்களுக்குச் சாமி வைத்தவர்

அவருடைய முகத்தைவிடக் கால் விரல்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். பன்வில ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பதினான்கு வருஷம் மருந்து கலந்து கொடுத்தேன். டிஸ்பென்சர் என்பது என் உத்தியோகப் பெயர். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் டாக்டரையா என்பார்கள். நானும் திருத்தப் போனதில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டுவார். ஒரு விரலில் நகம் பெயர்ந்திருக்கும். இன்னொன்றில் தோல் கிழிந்து மண் அப்பியிருக்கும். நான் டிங்சர் ஊற்றுவேன். மலை மாதிரி ஆட்களெல்லாம் அந்த எரிச்சலுக்கு அம்மா என்று கத்துவார்கள். அவர் கத்தவும் மாட்டார், காயத்தைப் பார்க்கவும் மாட்டார். சன்னலுக்கு வெளியே நின்ற சவுக்கு மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நடக்கும்போதும் அப்படித்தான். தலை மேலே, கால் எங்கேயோ. ஒரு தடவை மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். “கங்காணியார், கொஞ்சம் நிலத்தையும் பாத்து நடவும்” என்று என் யாழ்ப்பாணத் தமிழில் கண்டித்தேன். அவர் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“கீழ என்னங்க ஐயா இருக்கு? மரம் தலையிலருந்துதான் சாகும்.”

இதை அவர் வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். உச்சிக் கொப்பில் இலை சிறுத்தால் ஒரு கதை, வெளுத்தால் ஒரு கதை, காய்ந்து குச்சியாய் நீட்டிக்கொண்டு நின்றால் வேறு கதை. நான் நோயாளியின் நாக்கைப் பார்க்கிறது மாதிரி அவர் மரத்தின் உச்சியைப் பார்ப்பார். எந்த மரம் எப்போது போகும் என்று சொல்லிவிடுவார், சொன்னபடி போகும். அந்த விஷயத்தில் என்னைவிட அவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஆட்களுக்கு ஒரு கங்காணி, கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு ஒரு கங்காணி என்று இருப்பார்கள். இவருடைய ஆட்களுக்கு வேலை மரத்தோடு. காடு வெட்டுவது, நிழல் மரங்களின் கொப்பைக் கழிப்பது, தேயிலை வாட்டும் அடுப்புக்கு விறகு கொண்டுவருவது. அதனால் எல்லாருக்கும் அவர் காட்டுக் கங்காணி. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. என் மருந்துப் புத்தகத்தில் எத்தனையோ தடவை அதை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. நான் அவருக்குச் செய்ததற்குப் பிறகு அந்தப் பெயரை எடுத்து ஆள எனக்கு யோக்கியதை கிடையாது.

மரத்தை நேசித்த மகான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் தோட்டத்துக் கிழக்கு மலை முழுவதும் ஒரு காலத்தில் காடு. அதைத் தேயிலையாக்கியது அவருடைய கை. பெரிய மரங்களை உடனே வெட்டமாட்டார்கள். இடுப்பு உயரத்தில் சுற்றிவரப் பட்டையை ஒரு சாண் அகலத்துக்கு உரித்து அப்படியே விட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போகும். பிறகு வெட்டினால் வேர் மண்ணுக்குள் கிடந்து தேயிலைக்கு நோய் கொடுக்காது என்பது கணக்கு. இந்தப் பட்டை உரிப்பில் அவரைவிடச் சுத்தமான கை அந்தப் பக்கத்திலேயே இல்லை என்று பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கூட அவரை இரவல் கேட்பார்களாம். அவரே ஒரு நாள் சொன்னார், பட்டை உரித்த மரம் அடுத்த வருஷம் வழக்கத்தைவிட அதிகமாகப் பூக்கும் என்று. “செத்தது தெரியாதுங்க அதுக்கு” என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

கிழக்கு மலை வெட்டி முடிந்த பிறகுதான் அவர் இப்படி அண்ணாந்து நடக்கத் தொடங்கினார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறாள். காரணம் இருந்தது. வெட்டிய இடத்துக்கு ஓரத்தில் மிஞ்சிய காட்டின் முதல் வரிசை மரங்கள் யாரும் தொடாமலே சாக ஆரம்பித்தன. கூட்டத்துக்கு நடுவில் நிழலில் வளர்ந்த மரத்துக்கு வெயிலிலும் காற்றிலும் தனியே நிற்கத் தெரியாது. மேற்கு வெயில் பட்ட பக்கம் பட்டை வெடித்தது. வாடைக் காற்று கொப்பை முறித்தது. முதல் வரிசை விழுந்ததும் இரண்டாம் வரிசை ஓரத்துக்கு வந்தது. அதற்கும் அதே கதி. ஒருவரும் கோடாலி தூக்காமலே காடு வருஷத்துக்கு வருஷம் பின்வாங்கிக்கொண்டு போனது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தேயிலைக் கொழுந்து கட்டுகிற பழைய சாக்குகளைக் கேட்டு வாங்கி, வெயில் படுகிற பக்கம் மரங்களுக்குச் சுற்றிக் கட்டினார். கட்டுகிறவரைப் பார்த்து லயமே சிரித்தது. காட்டுக் கங்காணி மரத்துக்குச் சேலை கட்டுகிறார் என்று பெண்கள் பாட்டே கட்டினார்கள். நானும் சிரித்தேன்.

இனி அந்த ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் லயத்துக்குப் பின்னால் ஏழெட்டு ஏக்கர் காடு ஒன்று மிஞ்சியிருந்தது. அதன் அடிவாரத்தில் ஊற்று. அங்கேயிருந்து பிளந்த மூங்கில் வழியாக வந்து விழும் தண்ணீர்தான் லயத்துப் பீலி. நாற்பது குடும்பம் அதில்தான் குடித்தது, குளித்தது, சமைத்தது. பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் என் மருந்துச் சாலைக்குக் கேட்கும். அது குறைந்த காலங்களில் எனக்கு வயிற்றோட்ட மருந்து கூடுதலாகக் கலக்க வேண்டிவரும் என்பதால் அந்தச் சத்தத்தில் எனக்கும் ஒரு காது இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் புதுத் துரை ஒருவர் வந்தார். ஊற்றுக் காட்டையும் வெட்டித் தேயிலை நடவேண்டும் என்றார். காட்டுக் கங்காணி பங்களாப் படிக்குக் கீழே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்று, காடு போனால் தண்ணீர் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தார். தண்ணீர் மழையிலிருந்து வருகிறது, மரத்திலிருந்து வரவில்லை என்று துரை விளக்கம் சொல்லி அனுப்பினார். பொங்கல் கழிந்ததும் பட்டை உரிக்கத் தொடங்க வேண்டும் என்று அவருக்கே உத்தரவு. அன்று காயம் எதுவும் இல்லாமல் மருந்துச் சாலைக்கு வந்து வாங்கில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு மறுநாள் காலை. பிரட்டுக் களத்தில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அவர் முன்னால் வந்து தான் கண்ட கனவைச் சொன்னார். ஈரத் தலைமயிரோடு ஏழு பெண்கள் ஊற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார்களாம். எங்கள் வீட்டை ஏன் அறுக்கப் போகிறாய் என்று கேட்டார்களாம். ஏழு பெண்கள், தண்ணீர்க் கரை என்றால் கன்னிமார் என்று சனங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கூட்டத்தில் இரண்டு பெண்கள் அங்கேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். அன்று மாலைக்குள் ஆற்றிலிருந்து எடுத்த ஏழு கல், காட்டின் முன்வரிசையில் நின்ற ஏழு பெரிய மரங்களின் அடியில் மஞ்சள் பூசி உட்கார்ந்துவிட்டது. ஒரு மரம் நாவல், மற்றவை காட்டுமாவும் வேறு சாதிகளும். மறுநாள் யாரும் கத்தி தூக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வர மறுத்தார்கள். துரைக்குச் சாமியில் பயமில்லை. ஆட்கள் ஓடிவிடுவார்களோ என்பதில் பயம். காட்டை விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மருந்து கட்ட வந்தவரிடம், கனவில் கன்னிமார் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள் என்று கேட்டேன். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“கனவெல்லாம் ஒண்ணும் வரலீங்க ஐயா. அன்னைக்கு நல்லாத்தான் தூங்குனேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரோடு சேர்ந்து நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

கன்னிமார் வந்தபின் நடந்ததெல்லாம் பக்தியால் நடந்தது. யாரிலும் குற்றம் சொல்ல முடியாது. முதலில் விளக்கு வைத்தார்கள். பிறகு மரங்களுக்குச் சேலை கட்டினார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் விடியற்காலையில் வந்து மரத்தடியைக் கூட்டிப் பெருக்கினார்கள். சாமி இருக்கிற இடத்தில் சருகு கிடக்கலாமா? புதரும் பன்னைச் செடியும் வெட்டித் துப்புரவாக்கினார்கள். பாம்பும் அட்டையும் அண்டாது என்று நானும் அதை மெச்சினேன். ஆடி மாதத்தில் பொங்கல் வைக்க வேர்களுக்கு நடுவிலேயே அடுப்பு மூட்டினார்கள். பன்வில கடைக்காரர்கள் வந்தார்கள், கட்டுகஸ்தோட்டையிலிருந்து லொறி வைத்திருக்கிறவர்கள்கூட வந்தார்கள். ஆயிரம் கால்கள் மிதித்து அந்த மண் களம் மாதிரி இறுகிவிட்டது. எல்லாக் கங்காணிகளுக்கும் மேலே இருந்த பெரிய கங்காணியின் மைத்துனன் ஒருவன் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பூசாரியானான்.

வேர் தடுக்கிக் கும்பிட வந்தவர்கள் விழுகிறார்கள் என்று அடுத்த யோசனை வந்தது. ஏழு மரத்தையும் சேர்த்து ஒரு மேடை. முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டி, உள்ளே மண் நிரப்பி, மேலே சீமெந்து பூசுவது. பூச்சு மரப் பட்டையோடு ஒட்டி வரவேண்டும், இடைவெளி இருந்தால் பூரான் அடையும். அந்தச் சமயம் என் மூத்த மகளுக்குக் காய்ச்சல். எட்டு நாள் அனல். நான் மருந்து கொடுத்தேன், மனைவி கன்னிமாருக்கு இரண்டு மூட்டை சீமெந்து நேர்ந்தாள். பிள்ளை பிழைத்தது. மருந்தைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் என்னை முடிக்க விடவில்லை.

“மருந்து தந்தது நீங்கள், சரி. பிள்ளையைத் தந்தது கன்னிமார்.”

சீமெந்து கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்தது. மேடைக்குக் கல் சுமந்தவர்களில் காட்டுக் கங்காணியும் ஒருவர். அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் பிறகு எந்த நாளும் பார்க்கவில்லை. கல் நட்டால் பிடுங்கிப் போடலாம், சீமெந்து போட்டாகிவிட்டால் இனி எந்தத் துரையும் தொடமாட்டான் என்றார். தன் ஏழு மரங்களுக்கும் ஆயுசு கெட்டி என்று நம்பினார். நானும் நம்பினேன்.

மேடை கட்டிய மூன்றாம் வருஷம் உச்சி வெளுக்கத் தொடங்கியது.

அது மழை பொய்த்த காலமும்கூட. முப்பதுகளின் நடுவில் தென்மேற்கு மழை வராமல் மகாவலியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே பாறை தெரிய இளைத்துக் கிடந்தது. அதனால் காட்டுக் கங்காணி முதலில் வெயிலைக் குற்றம் சொன்னார். பிறகு காற்றைச் சொன்னார். பிறகு பட்டைக்குள் துளைக்கிற ஒரு வண்டைக் கண்டுபிடித்து அதைச் சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் கயிறு போட்டு மரத்தில் ஏறிக் காய்ந்த கொப்புகளைக் கழித்தார். இரண்டு வருஷம் அவர் மரத்தின் மேல்பக்கத்துக்கே வைத்தியம் பார்த்தார். பீலித் தண்ணீர் தொடை அளவு விழுந்தது கை அளவானது, பிறகு விரல் அளவானது. பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துச் சண்டை போட்டார்கள்.

ஒரு மத்தியானம் மருந்துச் சாலைக்குள் வந்து வாங்கில் உட்காராமல் நின்றார். காட்டுக்கு உள்ளே நிற்கிற மரமெல்லாம் அதே வெயிலில், அதே காற்றில் பச்சையாக நிற்கின்றன. கூட்டிப் பெருக்குகிற இடத்தில் நிற்பவைதான் காய்கின்றன, அதிலும் மேடைக்குள் நிற்கிற ஏழும்தான் முதலில் காய்கின்றன என்றார். மடியிலிருந்து ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்தார். மேடையின் பக்கவாட்டில் ஒரு கல்லைத் தளர்த்திக் கையை விட்டுத் தோண்டியிருக்கிறார். உள்ளே விரல் பருமனில் ஒரு வேர்.

வாங்கி அழுத்திப் பார்த்தேன். தோல் உறை மாதிரிக் கழன்று வந்தது. உள்ளே கறுப்பு. ஒரு புளித்த நாற்றம். இரத்தம் ஓடாமல் அழுகிப்போன கால் விரல்களை நான் வெட்டி எடுத்திருக்கிறேன். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மூச்சு முட்டிச் செத்த சதையைத் தெரியும். “இதுக்குக் காத்துப் போகேல்லை, கங்காணியார்” என்றேன். “மேல மண், அதுக்கு மேல சீமெந்து. மிதிச்ச நிலம். தண்ணியும் இறங்கேல்லை. வேர்தான் முதல்ல செத்திருக்கு.”

அவர் அந்த வேரை என் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க மேலே பார்த்த மனிதர், அன்று என் மருந்துச் சாலைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தானே கல் வைத்தேன் என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, பிரயோசனமாக எதுவும் சொல்லியிருக்கமாட்டேன். கனவு பொய் என்று சனங்களிடம் சொல்லிவிடுங்கள், மேடையை உடைத்துவிடலாம் என்றேன்.

“பொய்யின்னு சொன்னா நாளைக்கே கத்தி வரும். சொல்லலேன்னா இப்படியே சாகும். எதைங்க ஐயா சொல்லட்டும்?”

வேரை மறுபடி வாழை இலையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அவர் நடுவழி ஒன்று தேடினார். பிரட்டுக் களத்தில் மறுபடி ஒரு கனவு சொன்னார். அதே ஏழு பெண்கள், அதே ஈரத் தலைமயிர். சீமெந்து சுடுகிறது, உடைத்துவிடு, சருகை அப்படியே கிடக்க விடு என்று கேட்டார்களாம். இந்தத் தடவை யாரும் ஆடவில்லை. கன்னிமார் பேசுவதற்குத் தான் ஒருவன் இருக்கும்போது காட்டுக் கங்காணிக்கு எதற்குக் கனவு என்று பூசாரி கேட்டான். கூட்டம் சிரித்தது. நேர்த்தி வைத்து மேடை கட்டியவர்களுக்கு அது சிரிப்பாகவும் இல்லை. கன்னிமார் மேடையில் அவருடைய கண் பட்டுவிட்டது, அதனால்தான் மரம் காய்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு வாரத்தில் எல்லாரும் அதையே நம்பிவிட்டார்கள்.

பிறகு என்னிடம் வந்தார். வேரைப் பற்றி எனக்குச் சொன்னதை நீங்கள் சனங்களிடம் சொல்லுங்கள், டாக்டரையா சொன்னால் கேட்பார்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்ல நினைத்தேன் என்பதும் உண்மை. ஆனால் என் மனைவியின் நேர்த்தி அந்த மேடைக்குள் இருந்தது. பூசாரியின் மைத்துனன் பெரிய கங்காணி. அவனைப் பகைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தில் யாரும் நிம்மதியாகக் குடியிருந்ததில்லை. நாளைக்கு என்றேன். அடுத்த ஞாயிறு என்றேன். நான்கைந்து தடவை அப்படிச் சொன்ன பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் காலை, எல்லாரும் பிரட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் மேடையை உடைக்கத் தொடங்கினார். தண்ணீருக்குப் போன பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்துக் கூக்குரலிட்டார்கள். ஆட்கள் வந்து சேர்வதற்குள் ஓரத்து நாவல் மரத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு முழ அகலத்துக்குச் சீமெந்தைப் பெயர்த்து, உள்மண்ணையும் வேர் தெரிய வாரிக் கொட்டியிருந்தார். அந்த அளவுதான் முடிந்தது. அவர்கள் அவரை அடித்தார்கள். ஒரே லயத்தில் சாவுக்கும் கலியாணத்துக்கும் கூடி நின்ற ஆட்கள்தான். பொல்லாப்பு நினைத்து அடிக்கவில்லை, பயந்து அடித்தார்கள். கன்னிமார் கோபத்தில் இருக்கிற தண்ணீரும் நின்றுவிடும் என்று பயம்.

துரை பிரட்டுக் களத்தில் விசாரணை வைத்தார். பொலிசுக்குக் கொடுக்க வேண்டும் என்று பெரிய கங்காணி நின்றான். காட்டுக் கங்காணி வாயில் இரத்தத்தோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஏன் உடைத்தாய் என்று துரை கேட்டதற்கு, டாக்டரையாவைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார். முந்நூறு பேரும் திரும்பினார்கள். இந்த ஆள் சுயபுத்தியோடு இருக்கிறானா என்று துரை இங்கிலீசில் கேட்டார்.

எனக்கு அப்போது இரண்டு வாசல் திறந்திருந்தது. வேரைப் பற்றிச் சொல்லலாம். இல்லை, அவரை மறியலில் அடைபடாமல் காப்பாற்றலாம். காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு என்னையே காப்பாற்றினேன். “கடுங்காய்ச்சல், சேர்” என்றேன். “காய்ச்சலிலை என்ன செய்யிறன் எண்டு தெரியாமல் செய்திருக்கிறார்.” எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று தமிழிலேயே சொன்னேன். கூட்டத்துக்கும் அது போதுமாக இருந்தது. இரண்டு பெண்கள் ஐயோ பாவம் என்றார்கள். பொலிசு இல்லை, வழக்கு இல்லை. வேலையை நிறுத்திப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். அவர் சொன்ன சொல்லுக்கு இனி எந்தக் காலத்திலும் மதிப்பில்லாதபடி நான் பார்த்துக்கொண்டேன். என் நாக்கு அப்போதே அழுகி விழுந்திருக்கலாமே என்று அன்றிலிருந்து நினைக்காத நாள் குறைவு.

மறுநாள் காலை அவர் மனைவி மூட்டை முடிச்சுகளோடு வெளியே நிற்க, அவர் மட்டும் மருந்துச் சாலைக்குள் வந்தார். உதடு வீங்கியிருந்தது. காலையும் நீட்டவில்லை, சன்னலையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“காய்ச்சல்னு சொன்னீங்களே ஐயா. மருந்து குடுக்கலியே.”

கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் என்ன செய்ய? கொயினா மருந்தை ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தேன். உலகத்தில் அதைவிடக் கசப்பான மருந்து கிடையாது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். போயிட்டு வாறேங்க என்றுகூடச் சொல்லாமல் பன்வில ரோட்டில் இறங்கினார். குண்டசாலைப் பக்கம் கொக்கோத் தோட்டத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார், இந்தியாவுக்கே போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நான் தேடிப் போகவில்லை.

பிறகு ஏழு மரமும் போயின. ஒன்றன்பின் ஒன்றாய், நின்றபடியே. முன்வரிசை போனதும் பின்வரிசை வெயிலுக்கு வந்தது. கிழக்கு மலையின் ஓரம் போன மாதிரியே அதுவும் போனது. பீலி நின்றது. சனங்கள் கீழ் ஓடையில் தண்ணீர் மொண்டார்கள். அந்த ஓடையில் மூன்று தோட்டத்து அழுக்கு வந்து விழும். வயிற்றோட்டத்தில் மேல் லயத்தில் மட்டும் எத்தனை பிள்ளைகளை நான் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன் என்பதை இங்கே எழுத மனமில்லை.

ஆனால் இவையெல்லாம் நடப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அவர் போய் மூன்று மாதத்தில் மழை பெய்தது. கார்த்திகையில் ஒரு காலை பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். ஓரத்து நாவல் மரம் துளிர்த்திருந்தது. மரம் முழுக்க இல்லை. ஒரு பக்கம் மட்டும், அடிமரத்திலிருந்து கொப்பு வரை, சிவப்பும் பச்சையுமாய்த் துளிர். அவர் உடைத்துத் திறந்துவிட்ட அந்த இரண்டு முழப் பக்கம். மற்ற ஆறு மரத்திலும் ஒரு இலை இல்லை. நான் போய் நின்று பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும்படி எழுதி வைத்த மாதிரி அது நின்றது.

சனங்களுக்கு அது வேறு விதமாக விளங்கியது. எந்த இடத்தில் கன்னிமார் மேடை உடைபட்டதோ அந்த இடத்திலேயே அந்தத் தாய்மார் துளிர்விட்டுக் காட்டியிருக்கிறார்கள், மன்னித்துவிட்டார்கள் என்று பூசாரி அழுதான்; பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். எல்லாரும் அழுதார்கள். என் மனைவியும் அழுதாள். நாங்களும் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று கேட்டார்கள். உடைந்த இடத்தை மூடி முன்னைவிடக் கனமாகப் பூசுவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை மேளம் வைத்தார்கள். மேசன் சாந்து குழைத்து வைத்திருந்தான். கங்காணிக்குக் கடுங்காய்ச்சல் என்று கண்டுபிடித்து எல்லாரையும் பாவத்திலிருந்து காப்பாற்றியவர் டாக்டரையாதான், முதல் கரண்டி அவர்தான் வைக்க வேண்டும் என்றார்கள். கரண்டியைக் கையில் கொடுத்து வழி விட்டார்கள்.

காட்டுக் கங்காணி மண்ணை வாரிக் கொட்டிய குழியில் வேர்கள் தெரிந்தன. பழைய கறுப்பு வேர்களுக்கு நடுவே புதிதாக நூல் மாதிரி வெள்ளை வேர்கள் வந்திருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். அவர்கள் நான் சாமியைப் பார்த்து உருகி நிற்பதாக நினைத்துக் காத்திருந்தார்கள். பிறகு சாந்தை அள்ளி அதன்மேல் வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தி, மட்டமாகத் தேய்த்துவிட்டேன்.